பரணில் கிடக்கும் சடுதி மாற்றங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளியில் படித்த பரிணாமக் கதை எளிமையானது. ஒரு சடுதி மாற்றம் (மியூட்டேஷன்) தோன்றும். நல்லதென்றால் நிலைக்கும், கெட்டதென்றால் அழியும். நல்லதா கெட்டதா என்றே தெரியாமல், வெளியே தலைகாட்டாமல் பல தலைமுறை கிடக்கும் மாற்றங்களைப் பற்றி அந்தக் கதையில் ஒரு வரிகூட இராது. விலங்கியல் நடத்துபவன் நான். இந்தப் பகுதிக்கு வரும்போதெல்லாம் மாணவர்கள் கிட்டத்தட்ட இதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

ஒளிந்திருக்கும் சடுதி மாற்றம் என்றால் என்ன?

டி.என்.ஏ.வில் எழுத்து மாறியிருக்கும். உடலில் எந்த வித்தியாசமும் தெரியாது. "வழக்கமான சூழலில் தெரியாது" என்று சேர்த்துச் சொன்னால்தான் சரி. வெப்பம் கூடினாலோ, தண்ணீரில் உப்பு குறைந்தாலோ, கூட இருக்கும் வேறொரு மரபணு பழுதானாலோ, அதே எழுத்து மாற்றம் கண்ணுக்குத் தெரியும் பண்பாக வெளியே வந்துவிடும்.

வீட்டுப் பரணில் கிடக்கும் அண்டா, குண்டாவை நினைத்துக்கொள்ளுங்கள். தினச் சமையலுக்கு அவற்றை யாரும் தொடுவதில்லை. இருப்பதே பலருக்கு மறந்துபோயிருக்கும். வீட்டில் விசேஷம் வந்தால்தான் ஏணி போட்டு இறக்குவார்கள். இந்த உவமையில் ஒரு கோளாறு உண்டு, அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். பரணில் ஏற்றியவர் "என்றைக்காவது உதவும்" என்று நினைத்து ஏற்றியிருப்பார். உயிரினங்களில் அப்படி நினைத்து ஏற்றி வைக்க ஆளில்லை. இறங்கி வருவதிலும் பெரும்பாலானவை ஓட்டைப் பாத்திரங்கள்.

ஒடுங்கு பண்பைத்தானே வேறு பெயரில் சொல்கிறீர்கள்?

இல்லை. ஒடுங்கு பண்பும் ஒளிந்திருக்கிறது என்பது உண்மை. ஆனால் அது ஒளியும் இடம் வேறு, வெளியே வரும் வழியும் வேறு. ஒரு மரபணுவில் அம்மாவிடமிருந்து பழுதான நகல் ஒன்று, அப்பாவிடமிருந்து நல்ல நகல் ஒன்று வந்தால் நல்லது வேலையைப் பார்த்துக்கொள்ளும், பழுது தெரியாது. அக்காள் மகளையோ மாமன் மகளையோ கட்டும்போது, ஒரே தாத்தா பாட்டியிடமிருந்து கிளம்பிய பழுதான நகல் இரண்டு பக்கமும் வந்து குழந்தையில் சந்தித்துவிடலாம். சொந்தத்தில் கல்யாணம் செய்யும்போது மரபு நோய் வாய்ப்பு கூடுகிறது என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். அங்கே மறைந்ததை வெளியே கொண்டுவருவது சேர்க்கை.

இங்கே நாம் பேசும் வகையில் இரண்டு நகல்களுமே மாறியிருந்தாலும் வெளியே தெரியாமல் இருக்கலாம். அதை வெளியே கொண்டுவருவது சூழல் அல்லது மற்ற மரபணுக்களின் நிலை.

மாற்றம் இருந்தும் ஏன் தெரிவதில்லை?

பல காரணங்கள். முதலில், மரபணு மொழியில் மூன்றெழுத்துச் சொற்கள் 64 உண்டு. அவை குறிக்கும் அமினோ அமிலங்கள் 20தான். அதனால் எழுத்து மாறியும் பொருள் மாறாத இடங்கள் நிறைய. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை என்றைக்கும் ஊமைதான், நம் கதைக்கு அவ்வளவாக உதவாதவை.

நமக்கு வேண்டியது, பொருள் மாறியும் விளைவு மாறாத இடங்கள். ஒரு புரதம் ஒரு அமினோ அமிலம் மாறியதால் கொஞ்சம் தளர்ந்துபோகிறது, ஆனால் வேலை செய்யும் அளவுக்கு உறுதி மிச்சமிருக்கிறது. ஒரே வேலைக்கு இரண்டு மரபணுக்கள் இருந்தால் ஒன்று தூங்கினாலும் மற்றது சமாளிக்கிறது. இவற்றுக்கெல்லாம் மேல், கரு வளரும் முறையிலேயே ஒரு பிடிவாதம் உண்டு. சின்னச் சின்னக் குறைகள் வந்தாலும் கடைசியில் அதே கை, அதே கண், அதே இறகுதான் உருவாகும். பிரிட்டன் உயிரியலாளர் கான்ராட் ஹால் வாடிங்டன் 1942-இல் இதற்கு வைத்த பெயர் தமிழருக்குச் சட்டென்று விளங்கும்: வாய்க்கால். வாய்க்காலில் விட்ட தண்ணீர் கரையை இங்கும் அங்கும் இடித்தாலும் போய்ச் சேர வேண்டிய வயலுக்குத்தான் போய்ச் சேரும். வளர்ச்சியும் வாய்க்காலில் ஓடுகிறது என்றார் அவர். கரை உடையும் அளவுக்கு வெள்ளம் வந்தால்?

கரையை உடைத்துப் பார்த்தவர் யார்?

வாடிங்டனேதான், எடின்பரோவில். இந்தத் துறையில் ஒரே ஒரு பரிசோதனையைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள்.

பழுத்த வாழைப்பழத்தைச் சுற்றும் பழ ஈயின் இறகை உருப்பெருக்கியில் பார்த்திருக்கிறீர்களா? கண்ணாடித் தாள்போல இருக்கும். அடியிலிருந்து நுனிக்கு ஐந்து நீள நரம்புகள் ஓடும். அவற்றுக்கு இடையே, ஏணிக்குப் படி வைத்ததுபோல, இரண்டே இரண்டு குறுக்கு நரம்புகள். அடிப்பக்கம் ஒரு குட்டை நரம்பு, நுனிப்பக்கம் அதைவிட நீளமான ஒன்று. ஆயிரம் ஈக்களைப் பார்த்தாலும் இந்தப் படம் மாறாது. கரை அவ்வளவு உறுதி.

வாடிங்டன், கூட்டுப்புழுவாக மாறி 21 முதல் 23 மணி நேரம் ஆன ஈக்களை 40 டிகிரி செல்சியஸில் 4 மணி நேரம் வைத்தார். பிழைத்து வெளியே வந்த ஈக்களில் ஒரு பகுதிக்குக் குறுக்கு நரம்பு அறுந்திருந்தது அல்லது இல்லவே இல்லை. இதில் வியப்பில்லை, சூடு பட்டால் கோளாறு வரும். அடுத்து அவர் செய்ததில்தான் விஷயம் இருக்கிறது. நரம்பு இழந்த ஈக்களை மட்டும் தம்முள் இணைய விட்டார். பிறந்த குஞ்சுகளுக்கும் அதே சூடு, மறுபடி அதே தேர்வு. தலைமுறைக்குத் தலைமுறை நரம்பு இல்லாத ஈக்களின் பங்கு ஏறியது. 14-வது தலைமுறை வாக்கில் ஒன்று நடந்தது. சூடே காட்டாமல் வளர்த்த கூட்டுப்புழுக்களிலிருந்தும் குறுக்கு நரம்பு இல்லாத ஈக்கள் சில வெளிவந்தன. அவற்றிலிருந்து வளர்த்த சில குலங்களில் சூடு இல்லாமலே கிட்டத்தட்ட எல்லா ஈக்களும் அப்படியே பிறந்தன. 1953-இல் முடிவுகளை வெளியிட்டார்.

மூன்று ஆண்டு கழித்து இன்னும் துணிச்சலான ஒன்றை வெளியிட்டார். ஈ முட்டைகளுக்கு ஈத்தர் ஆவி காட்டினார். ஈக்குப் பின்னிறகு இருக்க வேண்டிய இடத்தில் சமநிலைக்கு உதவும் குண்டூசித் தலை போன்ற உறுப்புதான் இருக்கும். ஈத்தர் பட்ட சில ஈக்களில் அது இறகுபோல விரிந்தது. அதையும் தேர்ந்தெடுத்து வளர்த்து, ஈத்தர் இல்லாமலே பிறக்கும் குலத்தை உண்டாக்கினார்.

அப்படியானால் லாமார்க் சொன்னது சரிதானே? சூட்டில் பெற்ற பண்பு பிள்ளைக்குப் போயிருக்கிறதே?

எல்லா ஆண்டும் முதல் வரிசையிலிருந்து வரும் கேள்வி. வாழும்போது பெற்ற பண்பு பிள்ளைக்குப் போகும் என்று டார்வினுக்கு முன்பே சொன்னவர் லாமார்க். பார்த்தால் அப்படித்தான் தோன்றும், வாடிங்டன் காலத்திலும் பலருக்குத் தோன்றியது. ஆனால் ஒரு சோதனை இதைத் தீர்த்துவிடுகிறது. பல தலைமுறையாக உடன்பிறப்புகளையே இணைத்து மரபு வேறுபாடு கிட்டத்தட்ட இல்லாமல் செய்த ஈக்களை எடுத்து அதே சூடு, அதே தேர்வு. பலன் ஒன்றுமில்லை. சூடு பண்பை உண்டாக்கி மரபில் எழுதியிருந்தால் இவற்றிலும் எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. சூடு செய்தது ஒன்றே ஒன்று: எந்த ஈயின் பரணில் எது கிடக்கிறது என்று காட்டிக்கொடுத்தது. வெவ்வேறு ஈக்களிடம் சிதறிக் கிடந்த சின்னச் சின்ன மாற்றங்களை, தேர்வு ஒரே ஈயிடம் சேர்த்தது. போதுமான அளவு சேர்ந்ததும் சூட்டின் உதவி தேவைப்படவில்லை.

பரண் காலியாக இருந்தால் ஏணி போட்டும் பயனில்லை. இந்தப் பக்கத்தில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

கரையைக் காப்பது எது? அதற்கென்று ஏதாவது மூலக்கூறு உண்டா?

இதற்குப் பதில் வர 1998 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கதை தொடங்குவது 1960-களின் ஆரம்பத்தில், இத்தாலியின் நேப்பிள்ஸில். ஃபெரூச்சியோ ரிடோசா என்ற இளம் ஆய்வாளர் ஈப்புழுவின் உமிழ்நீர்ச் சுரப்பிக் குரோமோசோம்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆய்வகத்தில் யாரோ அவருடைய வளர்ப்புப் பெட்டியின் வெப்பநிலையைக் கூட்டிவிட்டார்கள். மறுபடி பார்த்தபோது குரோமோசோமில் வேறு சில இடங்கள் பூரிபோல உப்பியிருந்தன. உப்பல் என்றால் அந்த இடத்து மரபணு மும்முரமாக வேலை செய்கிறது என்று பொருள். 1962-இல் வெளியான அந்தக் கவனிப்புதான் வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள் என்ற பெரிய துறையின் வாசல்.

அவற்றில் ஒன்று எச்எஸ்பி90. சுமார் 90 கிலோடால்டன் எடை என்பதால் அந்த எண். இது சாப்பரோன் வகையைச் சேர்ந்தது, அதாவது மற்ற புரதங்கள் சரியாக மடிய உதவும் புரதம். சாதாரண நாளிலேயே செல்லின் மொத்தப் புரதத்தில் ஒன்றிரண்டு சதவீதம் இதுதான். கொஞ்சம் தள்ளாடும் புரதங்களைக் கைத்தாங்கலாகப் பிடித்து வைத்திருக்கும். அப்படி இது தாங்கும் புரதங்களில் பல, "இங்கே கண் வளர், இங்கே நரம்பு போடு" என்ற கட்டளைகளைக் கடத்துபவை.

அமெரிக்க ஆய்வாளர்கள் சுசேன் ரதர்ஃபோர்டும் சூசன் லிண்ட்குவிஸ்டும் இந்தப் புரதம் பாதியாகக் குறைந்த ஈக்களை வளர்த்தார்கள். நூற்றுக்கு ஒன்றிரண்டு ஈக்கள் விநோதமாகப் பிறந்தன. ஒன்றுக்குக் கண் சிறுத்திருந்தது, இன்னொன்றுக்கு இறகு தடித்திருந்தது, வேறொன்றுக்கு கால் திரிந்திருந்தது. ஒரே பழுது ஒரே கோளாறைத் தர வேண்டும் அல்லவா? இங்கே குலத்துக்குக் குலம் கோளாறு வேறு. எச்எஸ்பி90-ஐ மருந்து கொடுத்து முடக்கினாலும், ஈக்களை வெப்பத்தில் வளர்த்தாலும் இதே மாதிரிதான். கோளாறு எச்எஸ்பி90-இல் இல்லை, அந்தந்தக் குலத்தின் பரணில் ஏற்கெனவே இருந்தது. தாங்கிய கை விலகியதும் விழுந்தது. வாடிங்டன் செய்ததுபோலவே தேர்ந்தெடுத்து வளர்த்தபோது, எச்எஸ்பி90 முழு அளவில் இருந்த ஈக்களிலும் அந்தப் பண்புகள் நிலைத்தன. 1998-இல் வந்த பதில் இதுதான்.

இப்போது சூழல் நெருக்கடியை இதோடு பொருத்திப் பாருங்கள். வெயில் கடுமையாகும் நாளில் செல்லில் நூற்றுக்கணக்கான புரதங்கள் ஒரே நேரத்தில் குலையத் தொடங்கும். எச்எஸ்பி90 எல்லா இடத்துக்கும் ஓட வேண்டும். கல்யாண வீட்டில் ஒரே சமையல்காரர் நான்கு அடுப்பைப் பார்ப்பதுபோல ஏதாவது ஒன்று தீய்ந்துவிடும். எந்த உயிரில் எது தீயும் என்பது அதன் பரணில் கிடந்ததைப் பொறுத்தது. 2002-இல் லிண்ட்குவிஸ்ட் குழு அரபிடாப்சிஸ் என்ற கடுகினச் செடியிலும் இதையே காட்டியது.

எல்லா ஆய்வாளர்களும் இதை ஒப்புக்கொள்கிறார்களா?

நிகழ்வை ஒப்புக்கொள்கிறார்கள், விளக்கத்தில் சண்டை இருக்கிறது. சண்டை நல்ல சண்டை.

2010-இல் செர்ஜியோ பிம்பினெல்லியின் இத்தாலியக் குழு ஒரு சங்கடமான விஷயத்தைச் சொன்னது. எச்எஸ்பி90 குறைந்தால் பழ ஈயில் தாவும் மரபணுக்களின் வாய்ப்பூட்டும் கழன்றுவிடுகிறது. அவை புதிய இடங்களில் போய் உட்கார்ந்து புதிய சடுதி மாற்றங்களை உண்டாக்குகின்றன. ஆக, வெளிவந்த விநோதங்களில் சில பழைய சரக்கு அல்ல, அப்போதே தயாரானவை. இது முந்தைய விளக்கத்தைக் கவிழ்த்துவிடவில்லை. ஆனால் "எல்லாமே பரணில் இருந்ததுதான்" என்று இனி யாரும் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது.

என்னை அதைவிட அதிகம் யோசிக்க வைத்தது 2016-இல் நியூயார்க்கில் மார்க் சீகல் குழு ஈஸ்டில் செய்த வேலை. இயற்கையில் வாழும் ஈஸ்டுகளின் மரபு வேறுபாடுகளை எச்எஸ்பி90 மறைக்கிறது என்று அவர்களும் கண்டார்கள். ஆனால் தேர்வின் கண்ணில் படாமல் ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்த சடுதி மாற்றங்களில் நிலைமை தலைகீழ்: எச்எஸ்பி90 அவற்றின் விளைவைப் பெரும்பாலும் கூட்டியது. அப்படியென்றால் எச்எஸ்பி90 எல்லாவற்றையும் மூடும் போர்வை அல்ல. அது பெரிதுபடுத்திய கெட்ட மாற்றங்களை இயற்கைத் தேர்வு ஏற்கெனவே களைந்துவிட்டது. அது மறைத்தவை தப்பிப் பிழைத்தன. நாம் காட்டில் பார்ப்பது தப்பிப் பிழைத்த பட்டியலை மட்டும்தான்.

ஆய்வகப் புட்டிக்கு வெளியே, இயற்கையில் இது நடந்ததற்கு ஆதாரம் உண்டா?

மெக்சிகோவின் குருட்டுக் குகை மீன். வடகிழக்கு மெக்சிகோவில் ஆற்றில் வாழும் வெள்ளி நிறச் சிறு மீன் இனம் ஒன்று இருக்கிறது. அஸ்டியானக்ஸ் மெக்சிகானஸ் என்று பெயர். அதன் கூட்டம் பல காலங்களில் சுண்ணாம்புக்கல் குகைகளுக்குள் புகுந்து அங்கேயே தங்கிவிட்டது. ஆற்று மீனுக்கு நல்ல பெரிய கண். குகை மீனுக்குக் கண் இல்லை, நிறமும் வெளிறிப்போய் இளஞ்சிவப்பாக இருக்கும். இன்றும் இரண்டையும் இணைத்தால் குஞ்சு பிறக்கும், ஒரே இனம்தான்.

குகை மீனின் கரு முதலில் கண்ணைக் கட்டத்தான் தொடங்குகிறது. கண்ணின் வில்லையும் (லென்ஸ்) உருவாகிறது. பிறகு வில்லையின் செல்கள் மடிந்து, கண் உள்ளே சுருங்கித் தோல் மூடிவிடுகிறது. ஆற்று மீன் கருவின் வில்லையை எடுத்துக் குகை மீன் கருவில் ஒரு பக்கம் வைத்தால் அந்தப் பக்கம் கண் வளர்கிறது! 2000-இல் இதைச் செய்து காட்டினார்கள். வீட்டைக் கட்ட எல்லாச் சாமானும் இருக்கிறது, மேஸ்திரி மட்டும் பாதியில் போய்விடுகிறார்.

ஹார்வர்டில் நிக்கோலஸ் ரோனரும் கிளிஃபர்ட் டேபினும் சக ஆய்வாளர்களும் 2013-இல் கேட்டது இது: முதன்முதலில் குகைக்குள் போன ஆற்று மீனிடமே சிறிய கண்ணுக்கான மாற்றங்கள் ஒளிந்திருந்தனவா? ஆற்று மீன் குஞ்சுகளை எச்எஸ்பி90-ஐ முடக்கும் மருந்தில் வளர்த்தார்கள். கண்ணின் அளவு சிதறியது. சிலவற்றுக்கு வழக்கத்தைவிடச் சிறிது, சிலவற்றுக்குப் பெரிது. சிறுத்தவற்றைத் தேர்ந்தெடுத்து இணைத்தபோது, மருந்தே படாத குஞ்சுகளுக்கும் கண் சிறுத்துப் பிறந்தது.

குகையில் மருந்து ஏது என்று கேட்பீர்கள். அவர்களும் கேட்டுக்கொண்டார்கள். குகைத் தண்ணீரில் கரைந்த உப்புகள் ஆற்றுத் தண்ணீரைவிட மிகக் குறைவு, அதனால் மின்கடத்தும் திறனும் குறைவு. ஆற்று மீன் குஞ்சுகளை அப்படிப்பட்ட தண்ணீரில் விட்டபோது நெருக்கடிக்கான மரபணுக்கள் விழித்துக்கொண்டன. கண் அளவின் சிதறலும் கூடியது. இருட்டு கண்ணைத் தின்னவில்லை. தண்ணீர் மாறியது, மறைந்திருந்தது வெளியே வந்தது, இருட்டில் கண் வைத்திருப்பது வீண் செலவு என்பதால் சிறுத்தவை தேறின. குகை மீன் கண்ணை இழந்ததற்கு இது ஒன்றே காரணம் என்று யாரும் சொல்லவில்லை. முதல் படி இப்படி இருந்திருக்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று நான் பார்த்ததில்லை.

பண்பு நிலைத்துவிடுவது மட்டும்தானா? சூழலுக்கேற்ப மாறும் திறனே புதிதாக வருமா?

வரும். டியூக் பல்கலைக்கழகத்தில் யூய்ச்சிரோ சுசுகியும் ஃபிரெட் நைஹவுட்டும் புகையிலைக் கொம்புப் புழுவில் காட்டினார்கள். இது எந்த வெப்பநிலையிலும் பச்சையாகவே இருக்கும் புழு. அதன் நெருங்கிய உறவான இன்னொரு இனம் குளிரில் கறுப்பாகவும் வெப்பத்தில் பச்சையாகவும் மாறும். அவர்கள் எடுத்தது பச்சை இனத்தில் கறுப்பாகப் பிறக்கும் ஒரு சடுதி மாற்றக் குலம். இளமை ஹார்மோன் குறைவதால் வந்த கறுப்பு அது. வெப்ப அதிர்ச்சி கொடுத்ததும் கறுப்பிலிருந்து பச்சை வரை எல்லாச் சாயலிலும் புழுக்கள் வந்தன. பச்சைப் பக்கம் போனவற்றை 13 தலைமுறை தேர்ந்தெடுத்ததில், குளிரில் கறுப்பாகவும் வெப்பத்தில் பச்சையாகவும் இருக்கும் குலமே உருவாகிவிட்டது. உறவினத்தின் வித்தை ஆய்வகத்தில் பிறந்தது. 2006-இல் வெளியான முடிவு இது.

மருத்துவத்துக்கு இதனால் என்ன?

இரண்டு சொல்கிறேன். காண்டிடா போன்ற பூஞ்சைகள் ஃப்ளூகோனசோல் மருந்துக்கு அடங்காமல் போவதற்கு எச்எஸ்பி90 துணைபோகிறது என்று லியா கோவெனும் லிண்ட்குவிஸ்டும் 2005-இல் காட்டினார்கள். இங்கே அது மறைக்கும் வேலையைச் செய்யவில்லை. புதிய எதிர்ப்புத் திறன் தரும் மாற்றம் வேலை செய்யவே அதன் தாங்கல் வேண்டியிருக்கிறது. தாங்கலை எடுத்துவிட்டால் அடங்காத பூஞ்சை மறுபடி மருந்துக்கு அடங்குகிறது. அதனால் இரண்டையும் சேர்த்துத் தாக்கும் மருந்துகளைத் தேடுகிறார்கள்.

இன்னொன்று மனித நோய். ஃபான்கோனி இரத்தசோகை என்ற மரபு நோயில், ஒரே மரபணுவில் வெவ்வேறு மாற்றம் உடையவர்களில் சிலருக்கு நோய் கடுமை, சிலருக்கு மிதம். மிதமான சில மாற்றங்களில், பழுதான புரதத்தை எச்எஸ்பி90 தாங்கி ஓரளவு வேலை வாங்குகிறது என்று 2017-இல் தெரியவந்தது. செல்களைக் காய்ச்சல் அளவு வெப்பத்தில் வைத்தபோது அந்தத் தாங்கல் நழுவியது.

நெருக்கடி வந்தால் தேவையான மாற்றத்தை உயிரினம் தானே உண்டாக்கிக்கொள்ளுமா?

தேவையானதை மட்டும் பார்த்து உண்டாக்காது. பாக்டீரியாவின் எதிர்ப்பு மாற்றங்கள், வைரஸ் தாக்கும் முன்பே தற்செயலாகத் தோன்றியவை என்று லூரியாவும் டெல்புரூக்கும் 1943-லேயே காட்டிவிட்டார்கள். டி.என்.ஏ. சேதமடையும்போது பாக்டீரியா பிழை மலிந்த நகலெடுப்பு நொதிகளை இறக்குவதும், அதனால் சடுதி மாற்ற வேகம் கூடுவதும் உண்மை. அது அதிகச் சீட்டு வாங்குவது, பரிசு எண்ணைத் தெரிந்து வாங்குவதல்ல.

பரணில் இருப்பு அதிகம் இருந்தால் பரிணாமம் வேகமாகும் என்று நேரடியாக அளந்திருக்கிறார்களா?

அளந்திருக்கிறார்கள். சூரிச்சில் ஆண்ட்ரியாஸ் வாக்னர் குழு இரண்டு முறை செய்தது. 2011-இல் ஒரு ஆர்.என்.ஏ. நொதியை எடுத்து, வேலை கெடாத மாற்றங்கள் சேரும்படி பல சுற்று விட்டார்கள். பிறகு புதிய வேலை கொடுத்தபோது, இருப்பு சேர்த்த கூட்டம் சேர்க்காத கூட்டத்தைவிட வேகமாகத் தேறியது. 2019-இல் பாக்டீரியாவுக்குள் மஞ்சளாக ஒளிரும் புரதத்தை வைத்து, பச்சையாக ஒளிர வேண்டும் என்று நெருக்கினார்கள். மறைந்த மாற்றங்கள் சேர்ந்த கூட்டங்கள் விரைவாகப் பச்சைக்குப் போயின, அதுவும் ஒரே வழியில் அல்ல, பல வழிகளில். சாப்பரோன் கதையில் எத்தனை சண்டை இருந்தாலும் இந்த அடிப்படைக் கணக்கில் சண்டை இல்லை.

பருவநிலை மாற்றத்திலிருந்து உயிரினங்களை இது காப்பாற்றிவிடுமா?

"இயற்கை தானே பார்த்துக்கொள்ளும்" என்ற சாக்குக்கு இந்த ஆய்வுகளைச் சாட்சிக்கு இழுப்பவர்களைப் பார்க்கும்போது எரிச்சல் வருகிறது. வாடிங்டனின் ஈக்களுக்கு இரண்டு வாரத்தில் ஒரு தலைமுறை, புட்டியில் சாப்பாட்டுக்குக் குறைவில்லை, தேர்ந்தெடுக்க ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தார். யானைக்கு இது எதுவும் இல்லை. முதுகில் மூன்று முள் உள்ள கடல்வாழ் ஸ்டிக்கிள்பேக் மீன்களை உப்பு குறைந்த நீரில் வளர்த்தபோது உடல் அளவில் மறைந்திருந்த மரபு வேறுபாடு வெளிப்பட்டதை 2011-இல் கண்டார்கள். கடலில் அந்த மீன்களின் கூட்டம் மிகப் பெரியது, பரண் நிறைந்த கூட்டம். ஒரு சில நூறாகச் சுருங்கி, தமக்குள்ளேயே இணையும் விலங்குக் கூட்டத்தில் பரண் காலியாகிக்கொண்டே போகும். நெருக்கடி வரும்போது இறங்கி வர ஏதும் இராது, வந்தாலும் ஓட்டைப் பாத்திரம்தான் மிஞ்சும்.

வாடிங்டனின் பரிசோதனையைக் கல்லூரி ஆய்வகத்தில் செய்து பார்க்கலாமா?

தாராளமாக. ரவை, வெல்லம், அகர், பூஞ்சை பிடிக்காமல் இருக்கக் கொஞ்சம் புரோப்பியானிக் அமிலம், மேலே ஈஸ்ட். ஈ வளர்க்க இது போதும். ஆய்வகத்தில் ஆண்டுக்கணக்கில் புட்டி மாற்றி வரும் பழைய குலத்தை எடுக்காதீர்கள், அதன் பரண் பெரும்பாலும் காலி. பழக்கடைப் பக்கம் பல இடங்களில் புதிதாகப் பிடியுங்கள். அங்கே சுற்றுவதெல்லாம் ஆய்வகங்களில் வழக்கமாக வளர்க்கும் மெலனோகாஸ்டர் இனம் அல்ல, நம் ஊரில் அனனாசே என்ற இன்னொரு பழ ஈ இனம் நிறையக் கலந்திருக்கும். பிரித்துப் பாருங்கள்.

நேரம்தான் முக்கியம். கூட்டுப்புழு ஆன புதிதில் உறை வெள்ளையாக, மெத்தென்று இருக்கும், பிறகு பழுப்பேறிவிடும். வெள்ளையாக இருக்கும்போதே ஈரத் தூரிகையால் எடுத்து, மணியை எழுதி வையுங்கள். 40 டிகிரியை வளர்ப்புப் பெட்டியின் முகப்பு எண்ணை நம்பி வைக்காதீர்கள். முதல் முறை நான் அப்படி நம்பி ஒரு தட்டு முழுவதையும் சாகடித்தேன், உள்ளே இன்னொரு வெப்பமானி வைத்துப் பார்த்தபோதுதான் பெட்டி மூன்று டிகிரி பொய் சொல்வது தெரிந்தது. சரியாகச் செய்தாலும் கணிசமானவை சாகும். பெண் ஈக்களை வெளிவந்த எட்டு மணி நேரத்துக்குள் பிரித்துவிடுங்கள், இல்லாவிட்டால் யாரோடு இணைந்தது என்றே தெரியாது.

ஒவ்வொரு தலைமுறையிலும் சூடு காட்டாத உடன்பிறப்புகளுக்குத் தனிப் புட்டி வேண்டும். மாணவர்கள் அலுத்துப்போய் முதலில் கழுவிக் கவிழ்ப்பது அந்தப் புட்டியைத்தான், அதில் எப்போதும் சாதாரண ஈதானே வருகிறது என்று. பத்துத் தலைமுறை தாண்டிய பிறகும் அதன் ஈக்களை ஒவ்வொன்றாக உருப்பெருக்கியில் வைத்து, நுனிப்பக்கக் குறுக்கு நரம்பைப் பாருங்கள். நீங்கள் தேடும் ஈ அந்தப் புட்டியிலிருந்துதான் வரும்.